‘மூல இன்னிசை’ யாருடைய மெட்டு?

பள்ளி விடுமுறை வந்தால் கோலாலம்பூரில் எங்காவது ஒரு மண்டபத்தில் ‘கணினியில் பாட்டு உருவாக்குவோம்’ என்று பயிலரங்கு நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் பிள்ளைகள் கையில் கொடுக்கும் தாளின் முதல் வரி இப்படி இருக்கிறது: ‘உங்கள் மூல இன்னிசையை இயற்றுங்கள்.’ ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு நகலாகி நகலாகி இந்த வரி இப்போது சுவரொட்டிக்கும் ஏறிவிட்டது. சொல்ல வந்தது ‘ஒரிஜினல் மெலடி’. தமிழில் அதற்குச் சொந்த மெட்டு, அல்லது புது மெட்டு என்று பெயர். ‘இன்னிசை’ பொருந்தாத சொல், அவ்வளவுதான். ‘மூல’ அதைவிட மோசம். சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருளைத் தருகிறது.

மெலடியின் பிறப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கிரேக்கத்தில் ‘மெலோஸ்’ என்றால் பாட்டு; உடலுறுப்பு என்றும் பொருள் உண்டு. ‘ஓடே’ என்றாலும் பாட்டுதான். இரண்டும் சேர்ந்து ‘மெலோடியா’ ஆகி, லத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘மெல்’ என்ற தமிழ் வேரிலிருந்துதான் மெலடி பிறந்தது என்று வாட்சாப்பில் சுற்றும் கதையைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

குழப்பம் கிரேக்கத்தில் இல்லை, நம் வாயில் இருக்கிறது. வானொலியில் ‘அடுத்து ஒரு அருமையான மெலடி’ என்றால் மெதுவாக, மென்மையாகப் போகும் காதல் பாட்டு வரப்போகிறது என்று பொருள். குத்துப்பாட்டுக்கு எதிர்ப்பதம் மெலடி. பேச்சு வழக்கில் இது நிலைத்துவிட்ட பொருள், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கணினி இசைக்கருவியின் திரையில் இருக்கும் மெலடி அது இல்லை. அங்கே மெலடி என்பது ஒன்றன்பின் ஒன்றாக, காலக்கணக்கோடு வரும் சுரங்களின் வரிசை. குத்துப்பாட்டுக்கும் அது உண்டு, விளம்பரப் பாட்டுக்கும் உண்டு, ‘ஐஸ்கிரீம்’ வண்டியின் மணியோசைக்கும் உண்டு. மொழிபெயர்த்தவர் வானொலிப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு ‘இனிமையான இசை, ஆகவே இன்னிசை’ என்று போட்டுவிட்டார்.

இனி மெட்டு. வீணையின் தண்டியில் மெழுகு வைத்துப் பதித்திருக்கும் 24 பித்தளைக் கட்டைகளுக்கும் மெட்டு என்றுதான் பெயர். தெலுங்கில் மெட்டு என்றால் படி. படிப்படியாக ஏறி இறங்கும் சுரப் போக்குக்கும் அதே பெயர் இருப்பதைக் கண்டு யாரும் வியக்க வேண்டியதில்லை. பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்தே ஊரார் பாடினார்கள், சுரக்குறிப்பு தேவைப்படவில்லை.

‘இன்னிசை’க்கு எதிரான வழக்கு நீளமானது. முதலில், அது ஒரு பாராட்டு. இனிமை + இசை. இனிக்காத இசையை இன்னிசை என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் நாள் பயிற்சியில் ஒரு பிள்ளை போடுகிற மெட்டு பெரும்பாலும் இனிக்காது. இனிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘இந்த மெட்டு சரியாக வரவில்லை, மாற்றிப் போடு’ என்று ஆசிரியர் சொல்லலாம். ‘இந்த இன்னிசை சரியாக வரவில்லை’ என்றால் கசக்கும் கற்கண்டைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

அடுத்து, இன்னிசையை எண்ண முடியாது. ஒரே பல்லவிக்கு மூன்று மெட்டு போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இசையமைப்பாளர்களின் அன்றாட வேலை. மூன்று இன்னிசை என்று யாராவது சொல்வார்களா? வினையோடும் அது சேராது. மெட்டு போடலாம், மெட்டுக் கட்டலாம், மெட்டமைக்கலாம், மெட்டுக்குப் பாட்டெழுதலாம், பாட்டுக்கு மெட்டுப் போடலாம். இன்னிசையைப் ‘பொழியலாம்’, அதுவும் மேடையில். இந்த ஊரில் ‘இன்னிசை இரவு’ என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும்: பாடகர், வாத்தியக்குழு, டிக்கெட் விலை. இன்னிசை வெண்பா என்று யாப்பில் ஒரு வகை இருக்கிறது. இத்தனை வேலை செய்கிற சொல்லின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவானேன்?

இதை வாதமாகக்கூடச் சொல்ல வேண்டாம், கருவியே காட்டிக்கொடுக்கும். பயிலரங்குகளில் எளிதாகப் பயன்படுவது சாங் மேக்கர்; கூகுளின் குரோம் மியூசிக் லேப் என்ற இணையதளத்தில் 2018இல் சேர்ந்த, கட்டங்களைத் தட்டி மெட்டுப் போடும் கருவி. உலாவியில் திறந்தால் போதும், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. திறந்ததும் நான்கு ஆவர்த்தனம் (ஆங்கிலத்தில் பார்), ஆவர்த்தனத்துக்கு நான்கு அடி, அடிக்கு இரண்டு பிரிவு என்று 32 நெடுவரிசைகள் இருக்கும். வேகம் நிமிடத்துக்கு 120 அடி, அதாவது ஓர் அடிக்கு அரை வினாடி, மொத்தம் 8 வினாடி. கட்டங்களை நிரப்பி, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவின் ஒலியில் ஒலிக்க விடுங்கள். பிறகு பியானோவுக்கு மாற்றுங்கள், தந்தி வாத்தியத்துக்கு மாற்றுங்கள், அடியில் இருக்கும் தாளத்தை முழுக்க அழித்துவிடுங்கள். ஒலி மாறிக்கொண்டே போகும். மாறாமல் நிற்பது எதுவோ அதுதான் மெட்டு.

சேமிக்கும்போதும் இதே பாடம். வேவ் கோப்பாக இறக்கினால் ஒலி கிடைக்கும். மிடி கோப்பாக இறக்கினால் அதில் ஒலி துளியும் இருக்காது. எந்தச் சுரம், எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்ற கணக்குதான் இருக்கும். ஓசையே இல்லாத ஒரு கோப்பை ‘இன்னிசை’ என்று எப்படிச் சொல்வது? மெட்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

மெட்டு என்ற சொல்லோடு மாத்திரையும் கூடவே வருவது இன்னொரு வசதி. ‘வானில் ஒரு பாதை’ என்று ஒரு வரி. மோகன ராகத்தில் போட வேண்டுமானால் சுரவரிசையைப் பென்டடானிக் என்று வைத்தால் போதும், ச ரி க ப த (சட்ஜம், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம்) மட்டும் திரையில் நிற்கும். நெடிலுக்கும் ஒற்றோடு முடியும் அசைக்கும் இரண்டு கட்டம், தனிக் குறிலுக்கு ஒரு கட்டம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் வரிசையில் ‘வா’ காந்தாரம், 3இல் ‘னில்’ பஞ்சமம், 5இல் ‘ஒ’ தைவதம், 6இல் ‘ரு’ பஞ்சமம், 7இல் ‘பா’ காந்தாரம். எட்டு வரிசை முடிந்து, ‘தை’ 9இல், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியில் ரிஷபமாக விழும். அங்கே நின்றால் வரி தொங்கும்; அடுத்த வரி வந்து சட்ஜத்தில் இறக்கிவைக்கும். பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தவறு, அசைக்கு ஒரு கட்டம் என்று இடைவெளி விடாமல் நிரப்புவது. அப்படிச் செய்தால் ‘வானில்’ என்பது ‘வனில்’ ஆகும், ‘பாதை’ என்பது ‘பதை’ ஆகும். மெட்டு தமிழைக் கொல்லும் இடம் பெரும்பாலும் இதுதான், கணினியில் மட்டுமல்ல.

சுரவரிசையை மேஜர் என்று வைத்தால் கிடைப்பது சங்கராபரண ராகத்தின் சுரங்கள். கர்நாடக இசை வகுப்பில் முதலில் கற்ற மாயாமாளவகௌளையில் போட நினைத்து, சுத்த ரிஷபத்தையும் சுத்த தைவதத்தையும் காணோம் என்று தேடுகிறவர்கள் குரோமடிக்கிற்கு மாற்ற வேண்டும். 12 சுரத்தானங்களும் வரும். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் மட்டும் எதிலும் வராது. கட்டம் கட்டமாகத் தட்டுகிற கருவி அது, வழுக்காது. பாடப்போவது ஐந்து கட்டைச் சுருதிப் பெண் குரல் என்றால் தொடங்கும் சுரத்தை முதலிலேயே சி-யிலிருந்து ஜி-க்கு மாற்றிவிட வேண்டும்.

‘மூல’ என்ற சொல்லுக்கு வருவோம். கோயில் பஜனையிலும் உறுமி மேளத்திலும் சினிமாப் பாட்டின் மெட்டில் பக்தி வரிகளை ஏற்றிப் பாடுவது இங்கே சாதாரணம். ‘இதுக்கு மூல மெட்டு எது?’ என்று கேட்டால் அந்தச் சினிமாப் பாட்டின் பெயரைச் சொல்வார்கள். ஆக, மூலம் என்பது எங்கிருந்து எடுத்தோமோ அது. ‘மூல இன்னிசை’ கேட்கும் தாளுக்கு நேர்மையாகப் பதில் எழுதுகிற பிள்ளை யாரோ போட்ட மெட்டைத்தான் எழுத வேண்டும்!

சிலர் ‘அசல்’ என்கிறார்கள். அதற்கு எதிர்ச்சொல் நகல். மெட்டில் கேள்வி நகலைப் பற்றியது அல்ல, யார் போட்டது என்பது. மலாய்த் தாளைப் பார்த்துத் தமிழாக்கும்போது இன்னொரு பள்ளமும் உண்டு. மலாயின் ‘அஸ்லி’யும் நம் அசலும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். ஆனால் மலாயில் ‘லாகு அஸ்லி’ என்பது ஒரு மரபிசை வகையின் பெயர். புதிதாகப் போட்ட மெட்டை அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடாது. படிவங்களை நிரப்பும்போது இதெல்லாம் விளையாட்டு இல்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை இயற்றியவரின் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 50 ஆண்டும் நிற்கும். மெட்டு யாருடையது என்று தெளிவாக எழுத ஒரு சொல் வேண்டும்.

தனித்தமிழ் அன்பர்கள் இரண்டு மறுப்பு சொல்வார்கள். மெட்டு தெலுங்காம். மேடு தமிழ் என்றால் மெட்டும் நம் வீட்டுப் பிள்ளைதான்; போடியிலிருந்து மூணாறு போகும் மலைப்பாதையில் இருக்கிற ஊரைக் கேட்டுப் பாருங்கள், போடிமெட்டு என்று சொல்லும். இரண்டாவது, ‘பண்’ என்ற தூய சொல் இருக்கிறதே என்பது. இருக்கிறது, ஆனால் அது ராகம் போன்ற வேறு பொருளுக்கு. தேவாரத்தின் நூற்றுக்கணக்கான பதிகங்களும் இருபத்துச் சொச்சம் பண்களுக்குள் அடங்கிவிடும். பண் என்பது நிலம், மெட்டு அதில் போடும் பாதை. ஒரே நிலத்தில் எத்தனை பாதையும் போடலாம்.

இதே தாள்களில் மற்றச் சொற்களின் கதியும் இதுதான். நோட் என்றால் ‘குறிப்பு’. சுரம் என்ற சொல் செத்துவிட்டதா? ஸ்கேல் என்றால் ‘அளவுகோல்’. பிள்ளை பென்சில் பெட்டியைத் திறக்கிறது. கீ என்றால் ‘விசை’. சுருதி என்றால் பாட்டி முதற்கொண்டு எல்லாருக்கும் புரியும். பார் என்பது ‘பட்டை’யாம். எல்லாவற்றுக்கும் மேல், பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுக்கு ‘நாண்’. வடிவியலில் வட்டத்தின் நாண் சரி. அந்தக் கார்டு தந்தி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இசையின் கார்டோ ‘அக்கார்டு’ என்பதன் குறுக்கம், இணங்கி ஒலிப்பது என்று பொருள். ஆங்கிலக்காரர்களே இரண்டையும் குழப்பி ஒரே எழுத்தில் எழுதியதற்கு நாமும் சேர்ந்து தூக்கில் தொங்க வேண்டுமா? அகராதியில் முதலில் தென்படும் பொருளை எடுத்துப் போடுகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது: இந்த வரியை ஒரு நாதஸ்வரக்காரரிடம் வாசித்துக் காட்டினீர்களா? கார்டுக்கு நல்ல சொல் அமையும்வரை கார்டு என்றே எழுதலாம், மலாய்க்காரர்கள் கோர்ட் என்று எழுதுவதுபோல.

சுவரொட்டிக்காரர்களுக்கு: ‘உங்கள் சொந்த மெட்டைப் போடுங்கள்’ என்று மாற்றினால் பழைய வரியைவிட எழுத்தும் குறையும். முடிவில் பாட்டை வெளியிடும்போது மெட்டு, வரிகள், இசையமைப்பு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மெட்டு போட்ட பிள்ளை ஒன்றாகவும் அதற்குத் தாளமும் கார்டும் சேர்த்தவர் வேறொருவராகவும் இருப்பது இந்தப் பயிலரங்குகளில் அடிக்கடி நடக்கிறது. ‘இசை’ என்று ஒரே வரியில் எழுதினால் அந்தப் பிள்ளையின் பெயர்தான் முதலில் காணாமல் போகிறது.