பின்னாமல் விட்ட கண்ணி

கருநீல நூலில் இரண்டு வரிசை, வெள்ளை நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே போனால் என்ன வரும்? கிடைக்கோடுகள் வரும், வேறென்ன. இப்போது நூலையும் ஊசியையும் வரிசைக் கணக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியை, அதாவது ஊசியில் மாட்டியிருக்கும் நூல் வளையத்தை, பின்னாமல், இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்குச் சும்மா நகர்த்திவிடுங்கள். கிடைக்கோடுகள் மறைந்து, நெடுக்குக் கோடுகள் எழுந்து நிற்கும்.

முதன்முறை பார்க்கும்போது ஏதோ கைவித்தை மாதிரி இருக்கும். நான்கு விரல் அகலத்துக்கும் குறைவான ஒரு புத்தகக் குறியில் இதைச் செய்து பார்த்தால் வித்தை எங்கே நடக்கிறது என்று பிடிபட்டுவிடும். ஸ்வெட்டர் அளவில் முயன்றால் பிடிபடுவதற்குள் பொறுமை போய்விடும்.

பின்னல் துணி நெசவுத் துணி போன்றதல்ல. நெசவில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக நேராக ஓடுகின்றன. பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகிறது. ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே இருக்கும் கண்ணியின் வழியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழ்க்கண்ணியை மேல்கண்ணி பிடித்திருக்கிறது, அதை அதற்கு மேலுள்ளது பிடித்திருக்கிறது. கடைசி வரிசையைப் பிடித்திருப்பது ஊசி. ஊசியை உருவினால் ஏன் எல்லாம் அவிழ்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஒரு கண்ணியைப் பின்னுவது என்றால் அதன் வழியே புது நூலை இழுத்துப் புதுக் கண்ணி உண்டாக்கிவிட்டு, பழையதை ஊசியிலிருந்து விடுவிப்பது. ஸ்லிப் செய்வது என்றால் எதையும் இழுக்காமல் பழைய கண்ணியையே அடுத்த ஊசிக்கு ஏற்றிவிடுவது. (ஊசியிலிருந்து தவறி விழும் கண்ணி வேறு கதை. அது விபத்து, இது வேண்டுமென்றே செய்வது.) கையில் ஓடும் நூல் அந்தக் கண்ணியைத் தொடாமல், அதன் பின்னால் ஒரு சிறு பாலம்போல் கடந்து அடுத்த கண்ணிக்குப் போய்விடுகிறது. பழைய கண்ணி தன் பழைய நிறத்தோடு மேலே இழுபட்டு, புது நிற வரிசையின் முன்னால் வந்து நிற்கிறது. புது வரிசையில் அந்த இடத்தில் தெரிவது பழைய நிறம்.

ஆக, எந்த நேரத்திலும் நம் கையில் ஒரே ஒரு நிறம்தான் இருக்கிறது. இரண்டாவது நிறம் ஏற்கெனவே பின்னியதிலிருந்து கடன் வாங்கப்படுகிறது. இரண்டு நூலையும் ஒரே வரிசையில் சேர்த்து ஓட்டி வண்ணக்கோலம் போடும் முறை மிகப் பழையது. எகிப்தில் கிடைத்த, ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீல-வெள்ளைப் பருத்திக் காலுறைகள் அதற்குச் சாட்சி. அதில் இரண்டு நூலையும் சிக்காமல், இறுகாமல், விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஸ்லிப் முறையில் அந்தத் தொல்லை இல்லை. இதை ஒழுங்குபடுத்தி ‘மொசைக் பின்னல்’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் பார்பரா வாக்கர். 1976-இல் இதற்கென்றே தனி நூல் எழுதினார். இங்கே நூல் என்பது புத்தகம். தமிழில் பின்னலைப் பற்றி எழுதினால் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்க முடியாது.

செய்து பார்ப்போம். கருநீலத்தில் 15 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை பின்னிக்கொள்ளுங்கள். வெள்ளை நூலுக்கு மாறுங்கள். முதல் கண்ணியைப் பின்னி, பிறகு ‘1 ஸ்லிப், 1 பின்னல்’ என்று 7 முறை. இரட்டைப்படை இடங்களில் இருந்த நீலக் கண்ணிகள் எல்லாம் பின்னப்படாமல் மேலே வந்துவிட்டன. துணியைத் திருப்பி, வரும் வழியில் வெள்ளையைப் பின்னி, நீலத்தை மறுபடி ஸ்லிப் செய்யுங்கள். இந்தத் திரும்பும் வரிசையில் நூல் நம் பக்கமாகக் கடக்க வேண்டும். அப்போதுதான் பாலம் துணியின் பின்புறத்தில் விழும். இதை மறந்தால் கோலத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் கிடக்கும்.

அடுத்து நீலம். 2 பின்னல், ‘1 ஸ்லிப், 1 பின்னல்’ என்று 6 முறை, கடைசியில் 1 பின்னல். திரும்பி வந்து அதே மாதிரி. இப்போது பின்னப்படாமல் மேலேறுவது ஒற்றைப்படை இடங்களில் இருக்கும் வெள்ளை. இந்த நான்கு வரிசைகளைத் திரும்பத் திரும்பச் செய்தால், இரட்டைப்படை இடங்கள் எப்போதும் நீலமாகவும் ஒற்றைப்படை இடங்கள் எப்போதும் வெள்ளையாகவும் இருக்கும். இரு ஓரங்கள் மட்டும் எந்த நிறமானாலும் பின்னப்படுவதால், அங்கே நீலமும் வெள்ளையும் புள்ளிபுள்ளியாக மாறிவரும். நெடுக்குக் கோட்டின் ரகசியம் இவ்வளவுதான்.

பின்னுவதில் இரண்டு வகை உண்டு: புது நூலைக் கண்ணியின் வழியே நம் பக்கமாக இழுத்தால் நிட், மறுபக்கமாக இழுத்தால் பர்ல். ஸ்லிப் செய்யும்போது ஊசியைப் பர்ல் போடுவதுபோல வலப்பக்கத்திலிருந்து நுழைக்க வேண்டும். நிட் போடுவதுபோல நுழைத்தால் கண்ணியின் முன்கால் பின்னாலும் பின்கால் முன்னாலும் போய், அடுத்த முறை பின்னும்போது முறுக்கிக்கொள்ளும். சின்ன விஷயம்தான், ஆனால் கோடு கோணலாகத் தெரிவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

எந்தக் கோலத்தையும் இப்படிப் போட்டுவிடலாமா? முடியாது. இதில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது.

ஒரு நிறத்தில் போய்த் திரும்பும் இரண்டு வரிசைகளை ஓர் அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். 15 கண்ணிகளில் ஏதோ ஒரு நெடுவரிசையை மட்டும் கவனியுங்கள். ஓர் அடுக்கில் அந்தக் கண்ணியைப் பின்னினால் அது அந்த அடுக்கின் நிறம். ஸ்லிப் செய்தால் கீழ் அடுக்கின் நிறம். இப்போது நீலக் கண்ணி ஒன்றை வெள்ளை அடுக்கில் ஸ்லிப் செய்துவிட்டோம் என்று வையுங்கள். அடுத்த அடுக்கு நீலத்தின் முறை. அங்கே அதைப் பின்னினாலும் நீலம், மறுபடி ஸ்லிப் செய்தாலும் நீலம். இரண்டாவது ஸ்லிப்பால் கண்ணி வலிந்து நீளுமே தவிர, நிறத்தில் லாபமில்லை. எனவே அடுத்தடுத்து இரண்டு அடுக்குகளில் ஸ்லிப் வராது. அதாவது ஒவ்வொரு கண்ணியும் ஓர் அடுக்கு உயரம் இருக்கும், அல்லது இரண்டு அடுக்கு உயரம் இருக்கும்.

ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை. குறிலும் நெடிலும்!

ஒரு நெடுவரிசையை நிரப்புவது, இத்தனை மாத்திரை என்று அளவு கொடுத்து அதைக் குறிலாலும் நெடிலாலும் நிரப்பச் சொல்வதுதான். 1 மாத்திரைக்கு 1 வழி. 2 மாத்திரைக்கு 2 வழி. 3-க்கு 3, 4-க்கு 5, 5-க்கு 8. ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டல். இத்தாலியின் ஃபிபோனாச்சி 1202-இல் முயல் கணக்கில் எழுதிய வரிசை இது. அவருக்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில், சமண அறிஞர் ஹேமச்சந்திரர் செய்யுளின் லகு (குறுகிய), குரு (நீண்ட) அசைகளை எண்ணும்போது இதே வரிசையைச் சொல்லியிருக்கிறார். பின்னல் ஊசியில் அது மறுபடி தலைகாட்டுவது எனக்கு ஏனோ பெரிய சந்தோஷம்.

10 அடுக்கு உயரமுள்ள ஒரு நெடுவரிசைக்கு இந்தக் கணக்கில் 89 வழிகள். எந்தத் தடையும் இல்லாமல் ஒவ்வோர் அடுக்கிலும் இரு நிறங்களில் ஒன்றைத் தேர்ந்திருந்தால் 1,024 வழிகள் கிடைத்திருக்கும். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லையே என்று வருந்த வேண்டாம். ஓரங்களை விட்டு 13 நெடுவரிசைகள். ஒவ்வொன்றுக்கும் 89 வழி. 89-ஐ 13 முறை பெருக்கினால் 26 இலக்க எண் வரும். பக்கவாட்டில் இன்னொரு தடை இருப்பதால் இதிலும் கொஞ்சம் குறையும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று கண்ணிகளுக்கு மேல் ஸ்லிப் செய்தால் பின்னால் ஓடும் பாலம் நீண்டு தொங்கும், அல்லது துணியைச் சுருக்கிப் பிடிக்கும். ஆகவே மொசைக் கோலங்களில் பெரிய ஒற்றை நிறப் பரப்புகளைக் காண்பது அரிது. படிக்கட்டு, மின்னல் வளைவு, புதிர்ப்பாதை போன்ற மூலை திரும்பும் வடிவங்கள்தான் அதிகம். நூலின் கட்டாயத்தால் வந்த அழகு அது.

இந்தப் பின்னலுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: துணி விறைப்பாக இருக்கும், இழுத்தால் நீளாது. காரணம் எளிது. பருத்தி நூல் பெரிதாக நீளாது, ஆனால் பருத்திப் பின்னல் நன்றாக நீளும். நீள்வது நூல் அல்ல, கண்ணியின் வளைவு. இழுக்கும்போது வளைந்த இடம் நிமிர்கிறது, விட்டால் திரும்ப வளைகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்து இயற்பியலாளர் எலிசபெத்தா மட்சுமோட்டோவின் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத் தொட்டுத்தான் போகிறது. நிட், பர்ல் இரண்டையும் அடுக்கும் முறையை மாற்றினாலே துணியின் விறைப்பும் நீளும் திசையும் மாறிவிடுகின்றன. நம் ஸ்லிப் பின்னலிலோ பாலங்கள் ஏற்கெனவே நேராக இருக்கின்றன; நிமிர அவற்றில் எதுவும் மிச்சமில்லை. மேலே இழுபட்ட கண்ணிகளும் அப்படியே. அகலவாக்கிலும் உயரவாக்கிலும் துணி இறுகிவிடுகிறது.

ஸ்வெட்டருக்கு இது குறை. புத்தகக் குறிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? துவளாமல், நீளாமல், பக்கங்களுக்கு நடுவே சொன்ன இடத்தில் கிடக்க வேண்டியதுதானே அதன் வேலை.

சுருளாமலும் இருக்க வேண்டும். முன்பக்கம் முழுக்க நிட், பின்பக்கம் முழுக்க பர்ல் என்று பின்னினால் பக்க ஓரங்கள் பின்னோக்கிச் சுருளும், மேலும் கீழும் முன்னோக்கிச் சுருளும். எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கமாக வளைந்திருக்க, எல்லாம் சேர்ந்து நிமிரப் பார்ப்பதன் விளைவு. எல்லா வரிசைகளையும் நிட்டாகவே பின்னினால் அடுத்தடுத்த வரிசைகள் எதிரெதிர்ப் பக்கம் வளைந்து ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. துணி தட்டையாகக் கிடக்கும். இதில் இன்னொரு வசதி: ஒரு கண்ணியின் அகலமும் இரண்டு வரிசையின் உயரமும் கிட்டத்தட்டச் சமம். கட்டத்தாளில் வரைந்த கோலம் துணியிலும் சப்பிப்போகாமல் அதே வடிவில் வரும்.

விலை கொடுக்க வேண்டியது கனத்தில். சாதாரண அச்சுத்தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. 2 மி.மீ. கனமுள்ள குறியைச் செருகினால் 20 தாள்களை ஓரிடத்தில் திணித்த மாதிரி. ஆகவே இதற்குத் தடித்த கம்பளி நூல் ஆகாது. மெல்லிய பருத்தி நூலும் 2 மி.மீ. ஊசியும் நல்லது. மெர்சரைஸ் செய்த நூல் கிடைத்தால் இன்னும் நல்லது. 1850-இல் ஜான் மெர்சர் காப்புரிமை பெற்ற முறை அது. காரக் கரைசலில் ஊறும்போது நாடாபோல் தட்டையாக முறுக்கிக் கிடக்கும் பருத்தி இழை உப்பி உருண்டையாகிறது. இழுத்துப் பிடித்தபடி ஊறவைத்தால் பளபளப்பும் கூடுகிறது. கண்ணிகளின் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

நிறத் தேர்வில் நான் ஒருமுறை ஏமாந்தேன். சிவப்பும் பச்சையும், உருண்டைகளாகப் பக்கத்தில் வைத்தபோது கண்ணைப் பறித்தன. பின்னி முடித்தபோது கோலமே தெரியவில்லை, ஏதோ பழுப்புக் குழம்பு. நுணுக்கமான விவரங்களை நம் பார்வை பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான் பிரித்தறிகிறது. நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்க அதற்கு வராது. போட்டோவை ஜேபெக் கோப்பாகச் சுருக்கும்போது நிறத் தகவலைத் தாராளமாகக் குறைத்தாலும் நாம் கண்டுகொள்ளாததற்கு இதுதான் காரணம். என் சிவப்பும் பச்சையும் ஒரே அளவு இருட்டு. இப்போதெல்லாம் இரண்டு நூலையும் சேர்த்துப் போனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பார்க்காமல் தொடங்குவதில்லை. படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். அடர்நிறச் சாயம் ஈரத்தில் இறங்குகிறதா என்று ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தும் பார்த்துவிடுங்கள்.

ஈரம் எதற்கென்றால், முடித்த துண்டை நனைத்து, நேராக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைக்க வேண்டும். பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளில் ஒரு பகுதி நீரில் தளரும். காயும்போது புது நிலையில் மறுபடி பிணைந்துகொள்ளும். துணி அந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை நனையும்வரை. முழுக்கக் காயாமல் மட்டும் புத்தகத்துக்குள் வைத்துவிடாதீர்கள்.

தவறு நேராமல் யாரும் பின்னுவதில்லை. ஸ்லிப் செய்ய வேண்டிய நீலக் கண்ணியை மறந்துபோய் வெள்ளையில் பின்னிவிட்டீர்கள், நான்கு வரிசை தாண்டித்தான் கண்ணில் படுகிறது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு நெடுவரிசையின் கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து இறக்கினால் அது ஏணிப்படிகள்போலத் தவறு நடந்த இடம்வரை அவிழும். கொக்கி முனையுள்ள குரோஷே ஊசியால் நீலக் கண்ணியைப் பிடித்து, இரண்டு வெள்ளைப் படிகளைப் பின்னால் விட்டுவிட்டு, மற்ற படிகளை ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றிவிடலாம். வெள்ளை நூல் கொஞ்சம் தொய்வாக இருக்கும். அக்கம்பக்கத்துக் கண்ணிகளுக்குத் தள்ளிவிட்டால் சரியாகிவிடும். மாறாக, பின்ன வேண்டியதை ஸ்லிப் செய்துவிட்டால் இந்த வைத்தியம் பலிக்காது. கண்ணியாக வளைய வேண்டிய நூல் அங்கே நேர்ப்பாலமாகத்தான் ஓடியிருக்கிறது, அதிலிருந்து ஒரு கண்ணியை இழுக்க நீளம் போதாது. பக்கத்துக் கண்ணிகளிடம் இரவல் வாங்கினால் அவை இறுகிக் கோலம் கோணும். அப்போது ஊசியை உருவிவிட்டு, அந்த வரிசைவரை பிரிக்க வேண்டியதுதான்.