கேஸ்கட் என்றால் அடைப்பிதழ்

எஞ்சினில் இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில், நடுவே வைத்து முடுக்கப்படும் மெல்லிய படலம்தான் கேஸ்கட். பட்டறையில் பேக்கிங் என்றும் சொல்வார்கள். எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்த பரப்பிலும் கண்ணுக்குப் படாத மேடுபள்ளம் இருக்கும். போல்ட்டின் அழுத்தத்தில் நசுங்கி அந்தப் பள்ளங்களை நிரப்புவது இதன் வேலை. ஒட்டுவது இதன் வேலை அல்ல. பலர் குழம்புவது இங்கேதான்.

சொல் கடலிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், சுருட்டிய பாயைப் பாய்மரத்தின் குறுக்குக் கழியோடு கட்டும் சிறு கயிற்றுக்கு இந்தப் பெயர் இருந்தது. 'கார்செட்' என்ற பிரெஞ்சுச் சொல்லே மூலமாக இருக்கலாம் என்பார்கள். அதற்குச் சிறுமி என்றும் மெல்லிய கயிறு என்றும் பொருள் உண்டு. அப்புறம் நீராவி எஞ்சின் வந்தது. பிஸ்டனைச் சுற்றி ஆவி தப்பாமலிருக்க, பின்னிய சணல் கயிற்றைக் கொழுப்பில் தோய்த்துத் திணித்தார்கள். கயிற்றோடு பெயரும் எஞ்சினுக்குள் போய்விட்டது. திணிப்பதுதான் பேக்கிங். ஆக, பட்டறைப் பேச்சு ஒன்றும் கொச்சை இல்லை, அதற்கும் பழைய வரலாறு இருக்கிறது. பின்னாளில் தாள், கார்க், ரப்பர், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்று பொருள் மாறினாலும் பெயர் மாறவில்லை.

தமிழில் 'அடைப்புத் தகடு' என்று எழுதலாம்தான். ஆனால் தகடு என்றதும் உலோகம் நினைவுக்கு வருகிறது. சிறு எஞ்சினில் இருப்பதோ பெரும்பாலும் தாள். 'அடைப்பான்' துளையை மூடும் தக்கைக்குத்தான் பொருந்தும். இதழ் என்றால் மெல்லியது, நசுங்கக் கூடியது என்று சொல்லாமலே விளங்கும். அதனால் என் தேர்வு அடைப்பிதழ். ஆயில் சீல் வேறு பொருள்: சுழலும் தண்டைச் சுற்றி உதடு போலத் தொட்டு நிற்பது. அதை அடைப்பிதழ் என்று அழைக்கக் கூடாது.

பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த தண்டுதான் கிராங்க். அதற்கு 'வணரி' நல்ல சொல். வணர் என்றால் வளைவு; யாழின் வளைந்த தண்டை வணர்கோடு என்றே பழம்பாடல்கள் சொல்கின்றன. கிராங்க்கின் ஆங்கில வேரும் வளைவைக் குறிப்பதுதான். ஆக, அந்தத் தண்டு இருக்கும் பெட்டியின் கேஸ்கட், அதாவது கிராங்க்கேஸ் கேஸ்கட், வணரிப்பெட்டி அடைப்பிதழ்.

இது கெட்டால் நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் எண்ணெய் கசியும், பார்த்தாலே தெரியும். இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினில் சங்கதி மோசம். காற்றும் பெட்ரோலும் வணரிப்பெட்டி வழியாகவே போவதால், கசிவில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு எரிபொருள் விகிதம் குறையும். எஞ்சின் தானாக வேகமெடுக்கும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் இறுகிப் போகும்.

மாற்றும்போது பழைய இதழை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிச் சுரண்டாதீர்கள். அலுமினியம் மென்மையானது, ஒரு கீறல் விழுந்தாலே புது இதழும் கசியும். கரைப்பான் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பது நல்லது. பழைய எஞ்சினாக இருந்தால் இதழில் கல்நார் இருக்கக்கூடும், உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்ப வேண்டாம். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக, கையேடு சொல்லும் முறுக்கு (டார்க்) அளவுக்கு முடுக்க வேண்டும்.

இதழுக்குப் பதில், குழாயிலிருந்து பிதுக்கிப் பூசும் அடைப்பு பேஸ்ட் மட்டும் போதாதா? சில எஞ்சின்களில் போதாது. அங்கே இதழின் தடிமன்தான் வணரித்தண்டின் முன்பின் அசைவுக்கான இடைவெளியைத் தீர்மானிக்கிறது. வெவ்வேறு தடிமனில் இதழ்கள் விற்பதும் அதற்காகவே. இதழை எடுத்துவிட்டால் தண்டு இறுகிவிடும். சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊதிப் பெருக்கும், இரண்டு வீச்சுக்கு ஆகாது. அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கும் துணுக்கு எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

புது இதழ் போட்டும் நான்கு வீச்சு எஞ்சினில் கசிகிறதா? மறுபடி கழற்றும் முன் வணரிப்பெட்டியின் காற்றுப்போக்கியை, அதாவது பிரீதரை, பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இதழையும் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளும்.