பகுக்க முடியாத எண்ணும் பகுத்தறிவும்

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்து, எதிரெதிர் மூலைகளைக் கோடு போட்டு இணையுங்கள். அந்தக் கோட்டின் நீளம் 2-இன் வர்க்கமூலம். ஆங்கிலத்தில் இதை 'இர்ரேஷனல்' எண் என்பார்கள். புத்திக்கு ஒவ்வாமல் நடந்துகொள்பவரைக் குறிக்கவும் அதே சொல்தான். பாவம், இந்த எண் என்ன செய்தது?

லத்தீனில் 'ரேஷியோ' என்றால் கணக்கு. கணக்குப் பார்க்கும் அறிவுக்கும் அதுவே பெயரானது, பிறகு விகிதத்துக்கும். கிரேக்கத்தில் 'லோகோஸ்' இன்னும் அகலமான சொல்: பேச்சு, காரணம், விகிதம் மூன்றும் அதற்குள் அடங்கும். இரண்டு முழு எண்களின் விகிதத்தில் அடங்காததை 'அலோகோஸ்' என்றார்கள். அரபு கணித அறிஞர்கள் இத்தகைய எண்ணை 'அஸம்ம்', அதாவது செவிடு, என்றார்கள். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போனபோது, செவிடு என்றே பொருள்படும் 'சர்டஸ்' ஆனது. கணிதத்தில் இன்றும் வழங்கும் 'சர்ட்' அதன் மிச்சம்.

சரி, அந்த எண் உண்மையிலேயே விகிதத்துக்குள் வராதா? 7/5 போட்டுப் பாருங்கள். மேல் எண்ணின் வர்க்கம் கீழ் எண்ணின் வர்க்கத்தைப்போல் இருமடங்காக இருந்தால்தான் பொருந்தும். 7-இன் வர்க்கம் 49. 5-இன் வர்க்கத்தின் இருமடங்கு 50. ஒன்று குறைகிறது. 17/12-இல் 289, 288, ஒன்று கூடுகிறது. 99/70-க்குப் போனாலும் 9801, 9800. இவ்வளவு நெருங்கியும் அந்த ஒன்று விலகுவதில்லை.

காரணம் எளிது. இனிச் சுருக்கவே முடியாத ஒரு பின்னம் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள எண்ணின் வர்க்கம், கீழே உள்ளதன் வர்க்கத்தைப்போல் இருமடங்கு. அப்படியானால் மேல் எண் இரட்டைப்படை. அதன் வர்க்கம் நான்கால் வகுபடும். அதில் பாதிதான் கீழ் எண்ணின் வர்க்கம் என்பதால் கீழ் எண்ணும் இரட்டைப்படை. இரண்டையும் பாதியாக்கலாமே! சுருக்க முடியாது என்றல்லவா தொடங்கினோம்?

தமிழில் இதற்கு 'விகிதமுறா எண்' என்று பெயர். புத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் கணக்குக்கும் அறிவுக்கும் உள்ள அந்தப் பழைய உறவு நம்மிடமும் வேறு வழியில் இருக்கிறது. பின்னத்தின் கீழே இருப்பதைப் 'பகுதி' என்கிறோம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் 'பகா எண்'. ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து அறியும் அறிவுக்குப் 'பகுத்தறிவு' என்று பெயர். எல்லாம் 'பகு' என்ற ஒரே வேரில் முளைத்தவை.