எடை குறைந்த குழந்தையை அம்மா மட்டுமே சுமக்க முடியாது

பச்சிளம் குழந்தைகள் வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்தப் பால் பவுடர் நல்லது, எப்போது தலைக்கு ஊற்றலாம், கிரைப் வாட்டர் கொடுக்கலாமா, தூளி கட்டலாமா. ஒன்றே முக்கால் கிலோவில் வீட்டுக்குப் போகிற குழந்தையை தினமும் யார் யார், எவ்வளவு நேரம் நெஞ்சோடு வைத்திருக்கப் போகிறீர்கள் என்று நாங்கள்தான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டதும் எல்லோருடைய கையும் ஒரே பக்கம் நீளும், கட்டிலில் தையல் வலியோடு ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை நோக்கி.

நான் வடசென்னையில் வேலை பார்க்கிற நர்ஸ். காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான் எங்கள் கையில் அதிகம். குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பை வார்டில் நன்றாகச் செய்துகொண்டிருந்த பல அம்மாக்கள் வீட்டுக்குப் போனதும் விட்டுவிடுகிறார்கள். அக்கறை இல்லாமல் இல்லை. வீட்டில் அவர்களுக்கு உட்கார நேரமே கிடைப்பதில்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர் பற்றாக்குறை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள், தொற்று, சாவு. அங்கே எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டச் சொன்னார். வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடாகத்தான் அதை ரொம்ப காலம் பார்த்தார்கள். அந்த நினைப்பை உடைத்தது உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு. முடிவு 2021-ல் வந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்கு உட்பட்ட 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகள். உடல்நிலை சீராகும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனே கங்காரு முறையில் வைத்த பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம், வழக்கமான பிரிவில் 15.7 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

அதில் என் கண்ணில் பட்டது இன்னொரு கணக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது கங்காரு முறையில் வைத்த குழந்தைகள் ஒரு நாளைக்குச் சுமார் 17 மணி நேரம் யாருடைய நெஞ்சிலாவது இருந்திருக்கிறார்கள். அம்மாவால் முடியாதபோது அவர் தேர்ந்தெடுத்த இன்னொருவர் வைத்துக்கொண்டார். அதாவது, ஆரம்பத்திலிருந்தே இது ஒரு ஆள் வேலையாக இருக்கவில்லை. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையும் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை, முடிந்தவரை அதிகமாக என்கிறது. கூடவே குடும்பத்தினரைப் பராமரிப்பில் சேர்ப்பது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, பெற்றோருக்கு விடுப்பு கொடுப்பது என்பதையும் பேசுகிறது. அந்த முதல் பாதி மட்டும்தான் நம் வீடுகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டில் முடியாதா என்றால் முடியும். ஹரியானாவில் 1.5 கிலோவிலிருந்து 2.25 கிலோ வரை எடையுள்ள 8,400 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2019-ல் வெளியானது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள், குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசினார்கள். ஆறு மாதத்துக்குள் ஏற்படும் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அங்கேயும் சாதாரண வீடுகள்தான், மாமியார், மாடு, சமையல் எல்லாம் உண்டு.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். ஹவுசிங் போர்டில் ஒரு அறை, ஒரு சமையல் மூலை. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், லாரி தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண் என்றால் நிம்மதி என்று நினைப்போம். அந்த அம்மாவே விடியற்காலையில் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவராக இருப்பார். பகல் முழுக்க இவளும் குழந்தையும் மட்டும். இவளிடம் போய் 17 மணி நேரம் என்று சொன்னால் தலையாட்டுவாள், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எடை ஏறியிருக்காது.

அதனால் நான் டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வீட்டு ஆட்களை வரச்சொல்லி ஒரு தாளில் நேரம் பிரிக்கச் சொல்வேன். காலையில் ஆயா, அதாவது பாட்டி, சாயங்காலம் அத்தை அல்லது சித்தி, ராத்திரி வேலை முடிந்து வரும் அப்பா. பால் குடிக்கும் நேரம் அம்மாவுக்கு, மற்ற நேரத்தில் அம்மா சாப்பிடட்டும், தூங்கட்டும். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காமல் வைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கை மாற்றினால் குழந்தைக்கு அலைச்சல்தான் மிச்சம்.

அப்பாக்கள் முதலில் சிரிப்பார்கள். "எனக்குக் கை நடுங்கும் சிஸ்டர்" என்பார்கள். நெஞ்சில் முடி இருக்கிறதே என்று கேட்டவரும் உண்டு. ஒன்றும் ஆகாது, குளித்துவிட்டுச் சட்டை பட்டனைத் திறந்து உட்காருங்கள், அவ்வளவுதான். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகிறவர்கள் வீட்டில் இருக்கிற 61 நாள். அந்த மாதங்களில் பிறந்த குழந்தைகளுக்கு அப்பா நெஞ்சு தாராளமாகக் கிடைக்கும் என்று நான் அவர்களிடமே சொல்வேன். வருமானம் இல்லாத நேரத்தில் இதுவேறா என்று முகம் சுளிப்பார்கள், பிறகு செய்வார்கள். ஆண்களை வார்டுக்குள் விடாத வழக்கம் இதற்கு ஒரு பெரிய தடை. மற்ற அம்மாக்களின் மறைவுக்காக அந்தக் கட்டுப்பாடு, நியாயம்தான். ஆனால் ஒரு திரையும் தனி நாற்காலியும் போட்டால் தீர்கிற பிரச்சினைக்காக அப்பாக்களைப் படிக்கட்டிலேயே நிறுத்திவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வார்டில் ஒரு முறைகூடத் தூக்கிப் பார்க்காத ஆள் வீட்டில் எப்படித் தைரியமாகத் தூக்குவார்?

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். குடித்திருப்பவர் கையில் குழந்தையைக் கொடுக்கவே கூடாது. சிகரெட் பிடித்தவர் சட்டையை மாற்றி, கை வாய் கழுவிவிட்டு வரட்டும். சளி, காய்ச்சல், தோலில் புண் இருப்பவர்கள் சரியாகும் வரை தள்ளியே இருக்கட்டும்.

வைக்கிற விதம். குழந்தைக்கு டயபர் அல்லது கோவணத்துணி, தொப்பி, காலுறை மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, கால்களைத் தவளை மாதிரி விரித்து மடக்கி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை லேசாகத் தூக்கி, மூக்கும் வாயும் எதிலும் மூடப்படாமல் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சுப் பாதை அடைபடும், எனவே இதைத்தான் அடிக்கடி பார்க்கணும். மேலே பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ குழந்தையின் காதுக்குக் கீழ் விளிம்பு வருகிறமாதிரி சுற்றி, குழந்தை நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டலாம். முன்னால் ஜிப் வைத்த நைட்டி இதற்கு ரொம்ப வசதி. மல்லாந்து படுக்காமல் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள்.

வெயில்காலத்தில் வரும் கேள்வி: "இந்த வேக்காட்டில் குழந்தைக்குக் குளிருமா?" குளிரும். எடை குறைந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, உடம்பு எடைக்குத் தோல் பரப்பு அதிகம், வெப்பம் சீக்கிரம் போய்விடும். ஃபேனுக்கு நேர் கீழே ஈரத்துணியோடு கொஞ்ச நேரம் கிடந்தாலே போதும். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது, உடனே நெஞ்சில் வையுங்கள். இரண்டுமே சில்லென்று இருந்தால் நெஞ்சில் வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ். அறையில் புழுக்கம் என்றால் ஜன்னலைத் திறந்து, ஃபேனைக் குழந்தை மேல் படாதபடி ஓடவிடலாம். வியர்த்தால் தொப்பியைக் கழற்றுங்கள்.

நெஞ்சிலேயே வைத்தால் பழகிவிடும், அப்புறம் கீழே இறங்காது என்பது ஆயாக்களின் கவலை. இரண்டரை கிலோவை நெருங்கும்போது குழந்தையே நெளிந்து, கை காலை இழுத்து, போதும் என்று காட்டிவிடும். அதுவரைக்கும்தான்.

ஆயாக்களைப் பகைத்துக்கொண்டு இந்த வேலை நடக்காது. அவர்கள் பக்கம் நியாயமான அறிவு நிறைய இருக்கிறது. குழந்தைக்குப் பால் ஊட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையைப் பாருங்கள், நம் வீடுகளில் தலைமுறையாக இருந்த பொருள். இன்று பாட்டில் வேண்டாம் என்று சொல்லிப் பிழிந்த தாய்ப்பாலைப் பாலாடையில்தான் வார்டில் கொடுக்கிறோம். ஆனால் குழந்தையைப் படுக்கவைத்து வாயில் ஊற்றக்கூடாது. தலையை உயர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, விழுங்கிய பிறகு அடுத்த துளி. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பு தடவிச் சேனை வைப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, இந்த மூன்றையும் மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வாயில் வைப்பது தொற்றைக் கொண்டுவரும், எண்ணெய் நுரையீரலுக்குள் போகும், புகை அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்கு ஆகாது. தலைக்கு ஊற்றுவதையும் டாக்டர் சொல்லும் எடை வரும் வரை தள்ளிப்போடலாம், வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும்.

பொகோட்டாவில் 1990-களில் கங்காரு முறையில் வளர்ந்த குழந்தைகளை 20 வயதில் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள், 2017-ல் முடிவு வந்தது. வழக்கமான முறையில் வளர்ந்தவர்களைவிட அவர்களிடம் அளவு மீறிய துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவு, பள்ளிக்கு வராமல் இருந்ததும் குறைவு. பெற்றோர் அவர்களை அதிகம் அரவணைத்து வளர்த்திருந்தார்கள். சுமந்து பழகிய பெற்றோர் பிறகும் விடவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

கூடவே மறக்கக்கூடாத சில. இரண்டு கிலோவுக்குக் கீழோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்திருந்தால் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம், ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு அதைவிட முன்னால். குழந்தை நன்றாகத்தானே பார்க்கிறது என்று தள்ளிப்போட்டுப் பார்வை போன பிறகு வந்தால் செய்வதற்கு அதிகம் இருக்காது. எங்கே, எந்தத் தேதி என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். காது பரிசோதனை ஒரு மாதத்துக்குள். வளர்ச்சியை எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதத்தில் நான்கு மாதக் குழந்தையின் வேலைகளைத்தான் எதிர்பார்க்க வேண்டும், இரண்டு வயது வரை இப்படித்தான் கழித்துக் கணக்குப் போடணும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, பிறந்த தேதிப்படிதான்.

பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளிழுப்பது, வலிப்பு, காய்ச்சல், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாவது, இதில் ஒன்று தெரிந்தாலும் பக்கத்து வீட்டில் யோசனை கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரையும், வண்டிக்குள்ளும் குழந்தை யாருடைய நெஞ்சிலாவது இருக்கட்டும்.