அடங்கிய சேறு மீண்டும் மிதப்பது ஏன்?

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீரைக் காற்றூட்டிச் சுத்திகரிக்கும் தொட்டியிலிருந்து அள்ளிய கபில நிறச் சேற்றுநீரைக் கண்ணாடி அளவுச்சாடியில் ஊற்றி அசையாமல் வைத்தால், அரை மணித்தியாலத்தில் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அதைக் கொட்டாமல் இன்னும் ஓரிரு மணித்தியாலம் விட்டுவைத்தால், பல வேளைகளில் படிந்த சேறு கட்டியாகப் பெயர்ந்து மேலெழும். உற்றுப் பார்ப்பவருக்கு அதனிடையே குண்டூசித் தலையளவு குமிழிகள் தெரியும். அவை பெரும்பாலும் நைதரசன் வாயு. நைதரசனிறக்கம் என்று பாடநூல்கள் கூறும் செயற்பாட்டைக் கண்ணால் காண இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

கழிவுநீரிலுள்ள அமோனியாவைச் சில பற்றீரியாக்கள் ஒட்சிசனின் துணையோடு நைத்திரேற்றாக்குகின்றன. வேறு பற்றீரியாக்கள், ஒட்சிசன் தீர்ந்ததும் அந்த நைத்திரேற்றைக் கொண்டே சுவாசித்து, படிப்படியாக அதை நைதரசன் வாயுவாக்கி வளிமண்டலத்துக்குத் திருப்பியனுப்புகின்றன. ஒட்சிசனால் கிடைக்கும் சக்தி அதிகம் என்பதால், அது இருக்கும்வரை இவை நைத்திரேற்றை நாடுவதில்லை; கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு ஏறத்தாழ 0.5 மில்லிகிராமைத் தாண்டினாலே வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். நைத்திரேற்றை உண்டாக்க ஒட்சிசன் வேண்டும், அகற்ற ஒட்சிசன் இருக்கக்கூடாது. ஆகவேதான் பல சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றூட்டும் தொட்டிக்கு முன்னால் காற்றூட்டாத தொட்டியொன்றை அமைத்து, நைத்திரேற்று நிறைந்த நீரை அதற்குள் திரும்பப் பாய்ச்சுகிறார்கள்.

அந்தப் பற்றீரியாக்களுக்கு உணவாகச் சேதனக் காபனும் வேண்டும். ஒரு மில்லிகிராம் நைத்திரேற்று நைதரசனை அகற்ற, இரசாயன ஒட்சிசன் தேவையாக (அதாவது, சேதனப் பொருளை முழுதாக ஒட்சியேற்றத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவாக) அளந்தால், கோட்பாட்டளவில் 2.86 மில்லிகிராம் சேதனப் பொருள் செலவாகும். கலங்கள் வளர்வதற்கும் ஒரு பங்கு போவதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். காற்றை அதிகமாக ஊதினால் நீர் அதிகம் சுத்தமாகும் என்ற எண்ணம் இங்கே பிழைக்கிறது, ஏனெனில் உணவு முழுவதும் முதலிலேயே எரிந்துபோய் நைத்திரேற்று எஞ்சிவிடும். பிறகு மெதனோலைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டியதுதான்.

குளிரில் பற்றீரியாக்கள் மந்தமாவதால் குளிர்நாடுகளைப் பனிக்காலத்தில் வாட்டும் வெப்பநிலைச் சிக்கல் கொழும்புக்கு இல்லை. காரகாடித்தன்மை (pH) 7க்கும் 8க்கும் இடையில் இருப்பது உகந்தது. நீர் அமிலமானால், நைத்திரசு ஒட்சைட்டை நைதரசன் வாயுவாக்கும் கடைசிப் படி தடைப்பட்டு, 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 273 மடங்கு வெப்பமூட்டும் நைத்திரசு ஒட்சைட்டு வெளியேறும்.

கொழும்பின் பேர வாவி போன்ற நீர்நிலையின் அடிச்சேற்றில், காற்றூட்டும் தொட்டி, காற்றூட்டாத தொட்டி இரண்டின் வேலையும் சில மில்லிமீற்றர் தடிப்புக்குள் நடக்கக்கூடும். மேற்படையிலும் ஒட்சிசன் அற்றுப்போனால் புதிய நைத்திரேற்று உருவாகாது. இருந்ததும் தீர்ந்தபின், சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கும் வேறு பற்றீரியாக்கள் மேலோங்கி ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்கும். கரையோரம் வீசும் அழுகிய முட்டை நாற்றம் அப்போது எழுவது.