எஞ்சின் இருக்கட்டும், ஆர்.சி. புக்கை எடுங்கள்

பழைய காரோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஸ்டார்ட் ஆகுமா?" எஞ்சின் எப்படியும் ஒருநாள் ஸ்டார்ட் ஆகிவிடும். நான் திருப்பிக் கேட்பது ஆர்.சி. புக்கை.

போன தை மாதம் மேலூர் பக்கம் ஒரு தோப்பு ஷெட்டில் 1966-ஆம் வருடத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்றைப் பார்த்தேன். சொந்தக்காரத் தம்பியின் தாத்தா எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடம் வாங்கியதாம். சீட்டுக்குள் எலிக்கூடு. சேசிஸ் நம்பர் தகட்டைத் துடைத்தால் எஃப்.சி. என்று தொடங்கும் நம்பர். ஃபிட்னஸ் எஃப்.சி. இல்லை, கம்பெனி வைத்த முன்னெழுத்து! கையால் எழுதிய ஆர்.சி.யிலோ அதே நம்பரில் 3 இருக்கவேண்டிய இடத்தில் 8. அதைத் திருத்தி, பழைய புக்கை ஆர்.டி.ஓ. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். பெயின்ட்காரரிடம் விடுமுன் தகட்டின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். பட்டி பார்க்கும்போது கழற்றிய தகடு காணாமல் போன கதைகள் நிறைய.

அடுத்து, எந்த வழியில் பதிவது? 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. நம்பரில் வி.ஏ. என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். கேட்க இனிக்கும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, வேலை பார்க்க என்று மட்டும்தான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அழகர்கோவில் போக ஆசைப்படுகிறவருக்கு அது சரிப்படாது. அவருக்கு 25-ஆம் படிவத்தில் சாதாரணப் புதுப்பித்தல்தான்; பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை. அம்பாசடரில் மெட்டடார் வேன் எஞ்சின் ஏற்றிய மாதிரி எதையாவது மாற்றி வைத்திருந்தால் வி.ஏ. பக்கமே போக வேண்டாம்.

மேலூர்த் தம்பி சாதாரண வழியையே எடுத்தார்.

சரி, வண்டிக்கு வருவோம். ஸ்பிட்ஃபயர் ஹெரால்டு வம்சம். சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த அதே ஹெரால்டு. அதில் கை பழகிய பெரியவர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள்.

டயரில் பட்டன் தேயவில்லை என்று தம்பிக்குப் பெருமை. பக்கவாட்டில் தேதிக் குறி மூன்றே இலக்கம். 2000-க்குப் பிறகு வந்த டயரில் நான்கு இருக்கும். ஐந்தையும் மாற்றச் சொன்னேன்.

பிரேக்தான் பயமுறுத்தியது. முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து பெடலை மிதித்து விட்டேன். காலை எடுத்த பிறகும் சக்கரம் சுற்றவில்லை. ஒரு நிமிடம் கழித்துத் தானாக இளகியது. பிரேக் ஓஸ் வெளியே புதுசு போலத்தான் இருந்தது. பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தால், ரப்பர் உள்ளே ஊதி, துவாரம் ஊசி நுழையும் அளவுதான். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு இடத்தில் ஓஸ் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போச்சு. ஓஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே பிளக்கைத் தொட்டோம். பெட்ரோல் பைப்பும் புதிது. இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனாலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது.

அப்புறமும் ஒரு தப்பு நடந்தது, எங்கள் பட்டறையில்தான். அந்த வண்டிக்கு பிளஸ்தான் எர்த்து, அதாவது பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் பாடியில் மாட்ட வேண்டும். எங்கள் பையன் வழக்கம்போல மைனஸை பாடியில் மாட்டினான். புதிதாக வைத்த எலக்ட்ரானிக் இக்னிஷன் புகைந்துபோனது. செலவு என் தலையில். இப்போது பேட்டரி மூடியில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: "பிளஸ் எர்த்து. தெரியாதவர் தொடக்கூடாது."