ஆல்ஃபபெட்: ஒரு மாடு, ஒரு வீடு

பாஸ்வேர்டு போடும்போது "குறைஞ்சது ஒரு ஆல்ஃபபெட்டாவது இருக்கணும்"னு சொல்றோம்ல, அங்கயே இந்த சொல்லு கொஞ்சம் இடம் மாறிப் போச்சு. ஆல்ஃபபெட்னா ஒத்த எழுத்து இல்ல, ஒரு மொழிக்கு உள்ள எழுத்து மொத்தமும் வரிசையா நிக்கிறது தான் ஆல்ஃபபெட். இங்கிலீஷுக்கு 26 ஆல்ஃபபெட் கிடையாது, 26 எழுத்து உள்ள ஒரே ஒரு ஆல்ஃபபெட். பேச்சுல எல்லாரும் கலந்து தான் சொல்றோம், அத விடுங்க, சொல்லு வந்த வழி தான் செம சுவாரஸ்யம்.

இங்கிலீஷுக்கு லத்தீன் வழியா வந்துச்சு, அதுக்கு முன்னாடி கிரேக்கம். முதல் ரெண்டு எழுத்தோட பேரு ஆல்ஃபா, பீட்டா, ரெண்டையும் ஒட்டி ஒரே சொல்லா ஆக்கிட்டாங்க, அவ்ளோதான். ஆனா கிரேக்கத்துல ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் எழுத்துப் பேருங்கிறத தாண்டி அர்த்தமே கிடையாது. சொந்த மொழியில அர்த்தம் இல்லாத பேருன்னா வெளிய இருந்து வந்திருக்கும்னு சந்தேகப்படலாம், இங்க அந்த சந்தேகம் சரி. எபிரேயம், அரபி, அராமியம், பழைய ஃபினீசியம், கானானியம் எல்லாம் செமிட்டிக் குடும்பம், அதுல அல்ப், அலெஃப்னா மாடு, பேத், பைத்னா வீடு. அரபியில இன்னைக்கும் பைத்னா வீடு தான், பெத்லகேம்ல இருக்கிற 'பெத்'தும் அதே வீடு தான். ஆக ஆல்ஃபபெட்ட பிரிச்சு அர்த்தம் சொன்னா "மாடு வீடு".

எழுத்துக்கு எதுக்கு மாடுன்னும் வீடுன்னும் பேரு வச்சாங்கன்னு கேட்டா எகிப்துக்குத் தான் போகணும். ஹைரோக்ளிஃப்னு எகிப்தோட பழைய எழுத்து ஒன்னு இருக்குல்ல, அதுவும் கிரேக்கச் சொல்லு தான், புனிதமான செதுக்கல்னு அர்த்தம், கோயில் சுவர்லயும் கல்லறையிலயும் பார்த்ததால கிரேக்கர்கள் வச்ச பேரு. தமிழ்ல சித்திர எழுத்து, பட எழுத்துன்னு சொல்றோம், பரவாயில்ல, ஆனா அதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு. அந்தப் படங்கள் எல்லாம் பொருளக் காட்டுற படம் மட்டும் இல்ல, பாதிக்கு மேல வேலை ஒலியக் காட்டுறது. சுமார் 700 குறி புழக்கத்துல இருந்துச்சு, அதுல சிலது ஒரு மெய்யொலி, சிலது ரெண்டு, சிலது மூணு, இன்னும் சிலது வாயால சொல்லாம சும்மா பக்கத்துல நின்னு "இது ஊர் பேரு", "இது நடக்கிற விஷயம்"னு காட்டுற குறி. ஒத்த மெய்யொலிக்குன்னு மட்டும் 24 குறி வரைக்கும் அவங்ககிட்டயே இருந்துச்சு, ஆயிரம் வருஷத்துக்கும் மேலா இருந்துச்சு, மத்ததெல்லாம் தூக்கிப் போட்டுட்டு இத வச்சே எழுதிருக்கலாம். எழுதல. எழுத்தர் வேலைக்கு வருஷக் கணக்கா படிச்சவங்களுக்கு அத சுலபமாக்கணும்னு என்ன அவசியம்?

அந்த வேலையச் செஞ்சது வேற ஆளுங்க. சினாய் பாலைவனத்துல செராபித் எல் காதிம்னு ஒரு மேடு, டர்க்காய்ஸ்னு சொல்ற பச்சை கலந்த நீலக்கல் எடுக்கிற சுரங்கம் அங்க இருந்துச்சு, பக்கத்துலயே ஹாத்தோர் அம்மனுக்குக் கோயில். எகிப்து அரசன் அனுப்பின கூட்டம் சுரங்கம் தோண்ட வரும், கூட கானான், அதாவது இன்னைக்கு இஸ்ரேல், பாலஸ்தீனம், லெபனான் இருக்கிற பக்கத்து ஆளுங்களும் வருவாங்க, அவங்க பேசினது செமிட்டிக் மொழி. 1905-ல ஃபிளிண்டர்ஸ் பெட்ரிங்கிற பிரிட்டிஷ் தொல்லியல் ஆய்வாளர் அங்க தோண்டினப்போ எகிப்து கல்வெட்டுகளுக்கு நடுவுல கிறுக்குன மாதிரி வேற ஒரு வகை எழுத்து கிடைச்சது, பார்க்க எகிப்து படம் மாதிரியே இருக்கு ஆனா எகிப்து மொழியா படிச்சா ஒன்னும் வரல, குறிகளோ முப்பதுக்குள்ள தான். இவ்ளோ கம்மியா இருந்தா இது ஒலிய எழுதுற முறையாத்தான் இருக்கணும்னு பெட்ரிக்கே அப்ப தோணிருச்சு. படிச்சது ஆலன் கார்டினர்ங்கிற எகிப்தியல் அறிஞர், 1916-ல.

கார்டினர் பிடிச்ச நூல் என்னன்னா, திரும்பத் திரும்ப சேர்ந்தே வர்ற நாலு குறி. வீடு, கண்ணு, மாடு ஓட்டுற தார்க்குச்சி, அப்புறம் ஒரு பெருக்கல் குறி. இதுக்கெல்லாம் எகிப்து ஒலி வேணாம், செமிட்டிக் பேரு சொல்லிப் பாப்போம்னு பார்த்தாரு: பேத், அயின், லமெத், தவ். ஒவ்வொன்னுலயும் முதல் ஒலிய மட்டும் எடுத்தா ப, அயின்னு ஒரு தொண்டை ஒலி, ல, த. சேர்த்தா 'பஅலத்', அதாவது அம்மன், நாயகி. கானானியர் ஹாத்தோர அப்படித்தான் கூப்பிடுவாங்க! பிரிட்டிஷ் மியூசியத்துல ஒரு சாண் நீளத்துல செங்கல் நிற மணற்கல் ஸ்ஃபிங்ஸ், அதாவது மனுஷத் தலையும் சிங்க உடம்பும் உள்ள சிலை ஒன்னு இருக்கு, அது மேல எகிப்து எழுத்துல "ஹாத்தோருக்குப் பிரியமான"ன்னு வெட்டிருக்கு, அதே சிலையில இந்தப் புது எழுத்துல பஅலத்னும் வெட்டிருக்கு. ஒரே சாமி, ரெண்டு எழுத்து, இதவிட நல்ல சாவி கிடைக்காது.

இந்த முதல் ஒலி எடுக்கிற முறைக்கு இங்கிலீஷ்ல அக்ரோஃபொனின்னு பேரு, தமிழ்ல முதலொலி முறைன்னு சொன்னா போதும். நம்ம பாலபாடத்துல ஆடு படம் போட்டு 'ஆ'ன்னு படிக்க வைக்கிறோம்ல அதே தந்திரம், என்ன, நாம ஆடு படத்த பக்கத்துல வச்சிட்டு எழுத்த தனியா எழுதுறோம், அவங்களுக்கு ஆடு படமே எழுத்து.

இப்ப தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். தண்ணிக்கு எகிப்தியர் போடுற படம் அலை அலையா ஒரு கோடு, அவங்க அத 'ந'ன்னு படிப்பாங்க. செமிட்டிக்காரங்களுக்கு தண்ணி 'மயிம்', அதனால அதே அலைக்கோடு 'ம' ஆயிருச்சு, இங்கிலீஷ் 'எம்'ல மேலயும் கீழயும் போற அந்தக் கோடு இந்த அலை தான். அப்ப 'ந'வுக்கு என்ன பண்ணாங்க? பாம்பு, 'நஹாஷ்'. எகிப்துல நல்ல பாம்புக் குறி கிட்டத்தட்ட 'ஜ'ன்னு ஒலிக்கும், இங்க 'ந' ஆயிருச்சு. வீட்டுக் குறி எகிப்துல 'பெர்', அரண்மனைக்கு "பெரிய வீடு"ன்னு சொல்லி அதுல இருந்து தான் பார்வோன்ங்கிற பேரே வந்துச்சு, அந்த 'பெர்'ர இவங்க கண்டுக்கவே இல்ல, எங்க ஊர்ல இது பேத், அதனால 'ப'ன்னு முடிச்சிட்டாங்க. அதாவது வாங்கினது படம் மட்டும் தான், ஒலிய வாங்கவே இல்ல. "எகிப்து எழுத்து மெல்ல மெல்ல தேஞ்சு ஆல்ஃபபெட் ஆச்சு"ன்னு பள்ளிக்கூட பாணியில எழுதுறாங்களே, அது நடந்த மாதிரி தெரியல, ஒரு வெட்டு வெட்டி புதுசா ஆரம்பிச்சது இது. தேய்மானம் எல்லாம் அப்புறம் தான்.

செஞ்சது யாருன்னு அறிஞர்களுக்குள்ள பெரிய சண்டை. ஒர்லி கோல்ட்வாசர்னு ஒரு எகிப்தியல் ஆய்வாளர், எழுதப் படிக்கத் தெரியாத சுரங்க ஆளுங்க தான் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றாங்க, ஒரே எழுத்த நாலு விதமா வரையிறது, இடமிருந்து வலம், மேலிருந்து கீழன்னு இஷ்டத்துக்கு எழுதுறது, இதெல்லாம் பள்ளிக்கூடம் போனவன் செய்ய மாட்டான்னு வாதம். மறுபக்கம், எகிப்து எழுத்து ஓரளவு தெரிஞ்ச ஆளு இல்லாம இது முடியாதுங்கிறாங்க. எகிப்துல லக்சர் பக்கத்துல வாதி எல் ஹோல்னு ஒரு பாலைவனப் பாதையில ஜான் டார்னெல், டெபோரா டார்னெல்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதே வகை எழுத்துல ரெண்டு வரி கண்டுபிடிச்சாங்க, அத கி.மு. 1900-1800 வாக்குலன்னு கணிக்கிறாங்க, பக்கத்துலயே "ஆசியர்களுக்குத் தளபதி" பெபின்னு ஒரு ஆளோட பேரு எகிப்து எழுத்துல இருக்கு, அதனால படையில இருந்த எழுத்தர் கை இருக்கலாம்னு இந்தப் பக்கம் சொல்றாங்க. எனக்கு என்னமோ கோல்ட்வாசர் பக்கம் தான் மனசு சாயுது, அலைக்கோட்ட 'ந'ன்னு படிச்சுப் பழகினவனுக்கு அத 'ம'ன்னு மாத்த கை வருமா?

எழுதப் படிக்க சுலபமான எழுத்து கிடைச்சதும் ஜனங்க என்ன எழுதினாங்கன்னு பாருங்க. இஸ்ரேல்ல லாக்கிஷ்னு பழைய கானானிய ஊரு, அங்க 2016-ல ஒரு தந்தச் சீப்பு கிடைச்சது, 3.5 சென்டிமீட்டர் தான். அதுல எழுத்து இருக்குன்னே சில வருஷம் யாரும் கவனிக்கல, 2022-ல தான் படிச்சு வெளியிட்டாங்க, மொத்தம் 17 எழுத்து. "இந்தத் தந்தம் தலையிலயும் தாடியிலயும் இருக்கிற பேன ஒழிக்கட்டும்." பேன்சீப்பு! கி.மு. 1700 வாக்குலன்னு மதிப்பிடுறாங்க, ஆல்ஃபபெட்டுல முழுசா கிடைச்ச மிகப் பழைய வாக்கியம் இது. சீப்போட பல்லுல பேனோட மிச்சமும் இருந்துச்சாம்.

இந்த முறையில ஏன் உயிரெழுத்து இல்லன்னு கேப்பாங்க. முதலொலி முறையிலயே பதில் இருக்கு. செமிட்டிக் சொல்லு எதுவும் உயிர்ல ஆரம்பிக்காது, அலெஃப்னு நமக்குக் கேக்குறதுல கூட முன்னாடி தொண்டைய அடைச்சுத் திறக்கிற ஒரு மெய்யொலி இருக்கு, அப்ப பேரோட முதல் ஒலிய எடுத்தா மெய் மட்டும் தானே கிடைக்கும். அவங்களுக்கு அது பெரிய குறையும் இல்ல, க-த-ப மூணு மெய்ய வச்சே கிதாப், காதிப், மக்தப்னு நூலு, எழுதுறவர், பள்ளிக்கூடம் எல்லாத்தையும் இடத்தப் பார்த்து படிச்சிருவாங்க. லெபனான் கடற்கரையில இருந்த ஃபினீசியர் இத 22 எழுத்தா ஒழுங்கு பண்ணாங்க, கப்பல் வியாபாரத்தோட கிரேக்கத்துக்குப் போச்சு, கிரேக்கருக்கு அந்தத் தொண்டை ஒலிங்க வாயில வராது, சும்மா கிடந்த எழுத்துகள உயிரா மாத்திக்கிட்டாங்க. மாடு 'அ' ஆச்சு, கண்ணு 'ஒ' ஆச்சு. இங்கிலீஷ் பெரிய 'ஏ'வ தலைகீழா திருப்பிப் பாருங்க, ரெண்டு கொம்பும் கூரான மூஞ்சியும் அப்படியே இருக்கு. 'ஓ' இன்னும் கண்ணு தான், பாப்பா மட்டும் காணாம போச்சு.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம். அகரவரிசைன்னு போடுறாங்க, அது வரிசைக்குப் பேரு, டைரக்டரியில பேர அடுக்க சரியா இருக்கும், எழுத்துத் தொகுதிக்கு இடிக்குது. அரிச்சுவடி அழகான சொல்லு, 'அரி'ன்னு சாமி பேரச் சொல்லி எழுத ஆரம்பிக்கிறதால வந்துச்சுன்னு பொதுவா விளக்கம் சொல்வாங்க, ஆனா அது படிக்க ஆரம்பிக்கிற பிள்ளையோட ஏடு. சரியா பொருந்துறது நெடுங்கணக்கு. இங்க கணக்குன்னா கூட்டல் கழித்தல் இல்ல, எழுத்து, படிப்பு, அதனால தான் எழுத்து சொல்லிக் குடுக்கிறவர் கணக்காயர். "கிரேக்க நெடுங்கணக்கு", "ஃபினீசிய நெடுங்கணக்கு"ன்னு எழுதிப் பாருங்க, நல்லாத்தான் இருக்கு. ஒத்த எழுத்தச் சொல்ல எழுத்துன்னே சொல்லிட்டுப் போகலாம், அதுக்கு ஆல்ஃபபெட் தேவையே இல்ல.

கறாரா பேசினா செமிட்டிக் எழுத்த ஆல்ஃபபெட்னே சொல்லக் கூடாதுன்னு ஒரு கட்சி இருக்கு, உயிருக்குத் தனி எழுத்து இருந்தா தான் ஆல்ஃபபெட்னு. பீட்டர் டேனியல்ஸ்ங்கிற எழுத்து முறை ஆய்வாளர் 1990-ல மெய் மட்டும் எழுதுற முறைக்கு அப்ஜத்னு பேரு குடுத்தாரு, அலிஃப், பே, ஜீம், தால்னு அரபியோட பழைய வரிசை அது. அந்த வரிசையில எழுத்துக்கு எண் மதிப்பும் உண்டு, பிஸ்மில்லாவ அப்படிக் கூட்டினா வர்றது தான் நம்ம ஊர் ஆட்டோவுலயும் கடையிலயும் பார்க்கிற 786. தமிழ் மாதிரி மெய்யோட உயிர ஒட்டி எழுதுற முறைக்கு அதே டேனியல்ஸ் வச்சது அபுகிடா, எத்தியோப்பிய எழுத்துல இருந்து எடுத்த பேரு, பிரிச்சா அ, பு, கி, ட. இதுலயும் முதல்ல மாடு, அடுத்து வீடு. அப்ஜத்துக்கு மெய்யெழுத்து முறை, அபுகிடாவுக்கு உயிர்மெய் முறைன்னு நான் எழுதுறேன், தமிழ் இலக்கணம் படிச்ச யாருக்கும் வேற விளக்கம் வேணாம்.